வீட்டின் பின்னே ஒரு சாமான் கொட்டகை

தோட்டப்புறக் குடும்பம் ஒன்றின் உடைமைகளைக் கணக்கெடுத்துப் பார்த்தால், அவற்றை இரு வகையாகப் பிரித்துவிடலாம். பானை, பாய், துணிமணி, பிள்ளைகளின் பாடப்புத்தகம் ஆகியவை வீட்டுக்கு உரியவை. பால் வெட்டும் கத்தி, சாணைக்கல், வாளி, மண்வெட்டி, பாராங் கத்தி, புல் வெட்டும் இயந்திரம், அதற்கு ஊற்றும் பெட்ரோல், காய்கறிப் பாத்திக்கு இடும் உரம், புல்லுக்குத் தெளிக்கும் மருந்து ஆகியவை வேலைக்கு உரியவை. இவ்விரு வகைப் பொருள்களும் ஒரே கூரையின் கீழ், சில வேளைகளில் ஒரே மூலையில் கூடிக் கிடக்கின்றன. அரிசி மூட்டையின் அருகிலே உர மூட்டையும், சமையல் எண்ணெய்ப் போத்தலின் பக்கத்திலே பெயர் ஒட்டாத வேறொரு போத்தலும் இருப்பதை நாம் பல வீடுகளிற் காண்கிறோம். இதைச் செய்பவர்கள் அறியாமையால் மட்டும் செய்வதில்லை. வைப்பதற்கு வேறு இடமில்லை என்பதே பெரும்பாலோர் கூறும் காரணம்.

இக்குறையைத் தீர்க்கச் சிறு பலகைக் கொட்டகை ஒன்றே போதும். அதனை எவ்விடத்தில் அமைப்பது, எம்மரத்தால் கட்டுவது, உள்ளே எதனை எங்கே வைப்பது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். கொட்டகை என்றதும் பொருள்களைக் காப்பாற்றும் இடம் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் அதன் முதற்கடமை, அப்பொருள்களிடமிருந்து வீட்டாரைக் காப்பாற்றுவதாகும். இதனை மனத்திற் கொண்டால், மற்ற எல்லா முடிவுகளும் தாமாகவே விளங்கும்.

மருந்து என்னும் சொல்

புல்லுக்கும் பூச்சிக்கும் தெளிக்கும் நஞ்சினை நாம் அனைவரும் 'மருந்து' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 'மருந்து அடிக்கிற வேலை' என்கிறோம். 'புல் மருந்து' என்கிறோம். காய்ச்சலுக்குத் தாய் ஊட்டுவதும் மருந்துதான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இவ்விரண்டின் வேறுபாடு எவ்வாறு தெரியும்? மீந்துபோன புல் மருந்தைச் சர்பத் போத்தலில் ஊற்றி அடுப்பங்கரையில் வைத்தால், அது அப்பிள்ளைக்குக் குடிக்கும் பொருளாகவே தோன்றும்.

பாரகுவாட் என்னும் களைக்கொல்லி இதற்குக் கொடிய எடுத்துக்காட்டு. பல ஆண்டுகள் நம் தோட்டங்களில் மிகுதியாகத் தெளிக்கப்பட்ட நஞ்சு அது. அதன் செறிவான கரைசலில் ஒரு வாய் விழுங்கினாலும் உயிர் போகக்கூடும். அதற்கு மாற்று மருந்து இன்றளவும் இல்லை. முற்காலத்தில் பழுப்பு நிறமாக இருந்தமையால் தேநீர் என்றும், குளிர்பானம் என்றும் எண்ணி மக்கள் அதனைக் குடித்துவிட்ட நிகழ்ச்சிகள் பல நாடுகளிற் பதிவாகியுள்ளன. இதன் பொருட்டே பின்னர் அதில் நீல நிறமும், கெட்ட நாற்றமும், வாந்தியை வரவழைக்கும் பொருளும் சேர்க்கப்பட்டன. நம் நாட்டில் 2002ஆம் ஆண்டு இதற்குத் தடை அறிவிக்கப்பட்டு, 2006ஆம் ஆண்டு அத்தடை தளர்த்தப்பட்டது. இறுதியில் 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து பாரகுவாட் முற்றாகத் தடை செய்யப்பட்டது.

ஆயினும் சட்டம் தடுப்பது விற்பனையையும் பயன்பாட்டையுமே. மறந்துபோன பழைய போத்தல், வீட்டின் பின்புற மூலையில் இன்னும் இருக்கலாம். அத்தகைய போத்தலைக் கண்டால் திறக்காமல், கால்வாயில் கொட்டாமல், தோட்ட நிர்வாகத்தின் மூலம் வேளாண்மை இலாகாவுக்குத் தெரிவிப்பதே முறை. பாரகுவாட்டுக்குப் பதிலாக இப்போது தெளிக்கப்படுபவையும் நஞ்சுகளே என்பதை மறத்தலாகாது.

பால் உறைவதற்கு ஊற்றும் பார்மிக் ஆசிட்டும் இவ்வகையைச் சேர்ந்ததே. அது பார்வைக்குத் தண்ணீரைப் போன்றது. தோலில் பட்டாற் புண்ணாக்கும். கண்ணில் தெறித்தாற் பார்வையைக் கெடுக்கும். தோட்டத்துக்குச் சொந்தமான ஆசிட்டும் நஞ்சும் தோட்டத்து ஸ்டோரிலேயே இருக்க வேண்டியவை. வீட்டுக்கு வருதல் கூடாது. சொந்தமாகச் சிறு நிலம் வைத்துப் பால் வெட்டுபவர்களுக்கும், வீட்டுத் தோட்டம் போடுபவர்களுக்குமே இவற்றை வைக்கத் தனியிடம் தேவைப்படுகிறது.

முதலில் அனுமதி, பிறகு இடம்

தோட்டத்து வீடும் அதைச் சுற்றிய நிலமும் தோட்டத்துக்கு உரியவை. ஆதலால் கொட்டகை கட்டுமுன் நிர்வாகியிடம் அனுமதி பெறுதல் வேண்டும். எழுத்தில் கேட்டு எழுத்திற் பெறுவது பின்னாளில் வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும். பல குடும்பங்கள் சேர்ந்து கேட்டால், கொட்டகைகளை ஒரே வரிசையில் அமைப்பதற்கும், பழைய பலகைகளைப் பெறுவதற்கும் வழி பிறக்கலாம்.

இடத்தைத் தெரிவு செய்யும்போது நான்கு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, மேட்டு நிலமாக இருத்தல். தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழைநீர் தேங்கும் பள்ளத்தில் நிற்கும் கொட்டகை நெடுநாள் நிலைக்காது. இரண்டாவது, கிணறு, ஓடை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றிலிருந்து விலகியிருத்தல். உள்ளே ஏதேனும் சிந்தினால் அது குடிநீரில் கலக்கலாகாது. மூன்றாவது, வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் இருத்தல். கொட்டகையில் தீப்பிடித்தால் வீட்டுக்குப் பரவாதபடி இடைவெளி வேண்டும். அதே சமயம் வீட்டிலிருந்து பார்த்தால் கதவு கண்ணில் படவும் வேண்டும். நான்காவது, பழைய மரக்கட்டைகளின் அருகே அமைக்காதிருத்தல். பால்மரத்தின் வேரையும் அடிமரத்தையும் தின்னும் கரையான் வகை நம் நாட்டில் உண்டு. மண்ணுக்குள் கிடக்கும் அடிக்கட்டையில் வாழும் கரையான், அங்கிருந்து கொட்டகையின் காலுக்கு வர அதிக நாள் பிடிக்காது.

எம்மரம் ஏற்றது?

மரக்கடைகளில் மூன்று தரத்து மரங்கள் கிடைக்கின்றன. செங்கால் போன்ற வன்மரங்கள் மண்ணையும் மழையையும் கரையானையும் நெடுங்காலம் தாங்கும். விலையும் அதற்கேற்ப அதிகம். மெரந்தி போன்ற இலேசான மரங்கள் அறுப்பதற்கும் ஆணி அடிப்பதற்கும் எளியவை. ஆனால் ஈரமண்ணைத் தொட்டால் விரைவில் உளுத்துப்போகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை நடுத்தர மரங்கள். கையில் உள்ள பணம் குறைவாயின் கால்களுக்கு மட்டும் வன்மரத்தை வாங்கி, சுவருக்கு மெரந்திப் பலகையை அடிப்பது சிக்கனமான வழியாகும். கால்களைக் கான்கிரீட்டுக் கல்லின் மேல் நிறுத்தி, எந்தப் பலகையும் மண்ணைத் தொடாதபடி பார்த்துக்கொண்டால், மெரந்தியும் பல ஆண்டுகள் உழைக்கும்.

மறுநடவின்போது வெட்டப்படும் பால்மரத்தைப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்பதுண்டு. 25 முதல் 30 ஆண்டு பால் தந்த மரத்தின் கட்டை எளிதாகக் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் அம்மரத்தில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாட்களுக்குள்ளேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாய்கிறது. துளைக்கும் வண்டும் சேர்கிறது. தளவாடத் தொழிற்சாலைகள் இதனாலேயே பால்மரத்தை அறுத்த உடனே போரான் உப்புக் கரைசலில் ஊறச் செய்து உலர்த்துகின்றன. அவ்வாறு பக்குவம் செய்த பலகையும் மழையில் நனைந்தால் உப்புக் கரைந்து வெளியேறிவிடும். ஆகவே பால்மரப் பலகையைச் சுவருக்கோ காலுக்கோ பயன்படுத்தாமல், உள்ளே நனையாத அடுக்குத் தட்டுகளுக்குப் பயன்படுத்துவதே பொருத்தம்.

இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் பலகைகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றை வாங்குமுன் கத்தி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். முனை எளிதில் இறங்கினால் உள்ளே உளுத்திருக்கிறது என்பது பொருள். பழைய வீட்டின் கல்நார்க் கூரைத் தகட்டை மட்டும் வாங்க வேண்டா. அதனை உடைக்கும்போதும் அறுக்கும்போதும் பறக்கும் நுண்ணிய தூசு நுரையீரலை அடைந்து, பல ஆண்டுகளுக்குப் பின்னரும் கொடிய நோயை உண்டாக்கவல்லது.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. கரையான் தாக்காதிருக்க மருந்தேற்றிய பலகைகள் சில, இலேசான பச்சை நிறம் கொண்டவை. இவற்றுட் பலவற்றில் செம்பு, குரோமியம் ஆகியவற்றுடன் ஆர்செனிக் என்னும் நஞ்சும் கலந்துள்ளது. கொட்டகைக்கு இவை ஏற்றவை. ஆனால் மீதியான துண்டுகளை அடுப்பில் வைத்து எரித்தல் ஆகாது. அப்புகையிலும் சாம்பலிலும் நஞ்சு உண்டு.

கட்டும் முறை

ஒரு குடும்பத்துக்கு 6 அடி அகலமும் 8 அடி நீளமும் உள்ள கொட்டகை போதும். ஆயத்தமாக விற்கும் கொட்டகையை வாங்குவோரும், தாமே கட்டுவோரும் பின்வருவனவற்றைச் சரிபார்ப்பார்களாக.

தரை, நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயர்ந்திருக்க வேண்டும். அடியில் காற்றோடும், கரையான் மண்கூடு கட்டி ஏறினால் கண்ணுக்குத் தெரியும், குனிந்து பார்த்துத் துடைப்பத்தால் பெருக்கவும் இயலும். கூரை ஒருபுறம் சரிந்து, சுவரைத் தாண்டி ஒன்றரை அடியேனும் நீண்டிருத்தல் நன்று. பலகைச் சுவரைக் கெடுப்பது பெரும்பாலும் மேலிருந்து விழும் மழையைவிடத் தரையில் மோதித் தெறிக்கும் மழையே.

காற்றோட்டம் மிக இன்றியமையாதது. கூரையின் கீழே ஒரு திறப்பும், தரையின் அருகே ஒரு திறப்பும் வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே எழாமல் தரையிற் படியும். கீழ்த்திறப்பு இல்லாத கொட்டகையில் அந்த ஆவி தேங்கி நின்று ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். இரு திறப்புகளையும் கால் அங்குலத்துக்கு மேற்படாத கண்களையுடைய கம்பிவலையால் மூடிவிட்டால் எலி நுழையாது.

கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். பூட்டு வலுவானதாக இருத்தல் வேண்டும். சாவியைப் பெரியவர்களின் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில், வீட்டுக்குள் ஒரே இடத்தில் மாட்டி வைக்க வேண்டும். பூட்டுமுன் உள்ளே ஒருமுறை நோக்குவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கண்ணாமூச்சி ஆடும் பிள்ளைகளுக்கு இத்தகைய கொட்டகையைவிட நல்ல மறைவிடம் வேறில்லை.

உள்ளே ஒழுங்கு

பால் வெட்டுக்குப் புறப்படுபவர் விடியுமுன் இருட்டில் எழுபவர். அவர் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினாலும் வேண்டிய பொருள் கையில் கிடைக்கும்படி வைப்பதே நல்ல ஒழுங்கு. ஆதலால் அன்றாடம் எடுப்பவை கதவின் அருகில் இருக்கட்டும். பால் வெட்டும் கத்திக்குச் சுவரில் ஓர் உறை அடித்து, கூர்முனை உள்ளே இருக்குமாறு செருகலாம். தலைவிளக்கும் வாளியும் அதன் பக்கத்தில் ஆணியில் தொங்கட்டும். முழங்கால் பூட்சை இரண்டு முளைகளில் கவிழ்த்து மாட்டினால் தேளும் பூரானும் நுழையா. எனினும் போடுமுன் தட்டிப் பார்ப்பது நல்லது.

நீண்ட பிடியுள்ள கருவிகளைச் சுவரோரம் சாய்த்து வைத்தால் சரிந்து விழும். இரண்டு ஆணிகளின் இடையே தலைகீழாக மாட்டுதல் நன்று. பாராங் கத்தி, அரிவாள், வாள் ஆகியவை நெஞ்சு உயரத்துக்கு மேலே இருக்க வேண்டும். சுவரில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் சாயத்தால் வரைந்துவிட்டால், எது திரும்பி வரவில்லை என்பது ஒரே பார்வையில் தெரியும். கடன் வாங்கிய அண்டை வீட்டாருக்கும் நினைவூட்டலாகும்.

கனமானவை கீழே, இலேசானவை மேலே என்பது பொது விதி. உர மூட்டையைப் பலகையின் மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் ஈரம் ஏறாது. ஆனால் உரத்தின் அருகே பெட்ரோலோ மண்ணெண்ணெயோ இருத்தல் கூடாது. சில வகை உரங்கள் தீயை மேலும் மூண்டெழச் செய்யும் தன்மை உடையவை. எரிபொருளைத் தேவைக்கு மிஞ்சி வாங்காமல், அதற்கென உள்ள கலனில் இறுக மூடி, எதிர்ப்புற மூலையில் வைக்க வேண்டும். கொட்டகைக்குள் புகைபிடித்தல், மெழுகுவர்த்தி ஏற்றுதல் ஆகியவை அறவே கூடா.

நஞ்சுப் பெட்டி

கொட்டகைக்குப் பூட்டு இருந்தாலும், நஞ்சுக்கு அதனுள்ளே மற்றொரு பூட்டுள்ள பெட்டி வேண்டும். மண்வெட்டி எடுக்கப் பிள்ளையை அனுப்பும் நாளும் உண்டல்லவா? அப்பெட்டியைக் குறித்து ஐந்து விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்.

ஒன்று: எந்த நஞ்சும் அது வாங்கிய போத்தலிலேயே இருக்க வேண்டும். அதன் லேபிள் 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி ஒட்டப்படுவது. லேபிளின் அடியிலுள்ள நிறப்பட்டை நஞ்சின் கடுமையைக் காட்டும். மருத்துவர் முதலிற் கேட்பதும் அதையே.

இரண்டு: உணவு, பானம் வந்த போத்தலில் நஞ்சை ஊற்றுதல் எக்காரணத்தாலும் கூடாது. நஞ்சு வந்த போத்தலிலும் டிரம்மிலும் குடிநீரோ அரிசியோ வைத்தலும் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறிய நஞ்சு முற்றாக நீங்காது. காலிப் போத்தலை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, போத்தலைத் துளையிட்டு அப்புறப்படுத்த வேண்டும்.

மூன்று: ஆசிட்டும் அம்மோனியாவும் ஒரே தட்டில் இருத்தலாகாது, கலந்தாற் சூடேறிப் பொங்கும். ஆசிட்டைக் கரைக்கும்போது தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டுமேயன்றி, ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

நான்கு: நீர்மப் பொருள்கள் கீழ்த்தட்டிலும், தூள்கள் மேல்தட்டிலும் இருக்கட்டும். மேலிருந்து ஒழுகி மற்றதில் கலப்பது இதனால் தவிரும்.

ஐந்து: மருந்து தெளிக்கும்போது உடுத்திய துணியும் கையுறையும் கொட்டகையிலேயே தனி ஆணியில் தொங்க வேண்டும். அவற்றை வீட்டுத் துணியுடன் சேர்த்துத் துவைத்தல் கூடாது.

வாரம் ஒரு நாள்

கொட்டகை கட்டியவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. அதன் பின்னே எறியப்படும் பழைய மங்கு, டயர், தகர டின் ஆகியவற்றில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். அம்முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களே ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டால் டெங்கிக் காய்ச்சலின் சங்கிலி அறுபடும். முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிர் தாங்குமாதலால், நீரைக் கொட்டுவதோடு நில்லாமல் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டத்தின்கீழ், கொசு வளர இடங்கொடுப்பது தண்டனைக்குரிய குற்றமாகும்.

கோழித் தீவனத்தைத் திறந்து வைத்தால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சலும் உயிருக்கு ஆபத்தானது. தீவனத்தை மூடியுள்ள தகரத்தில் வைத்து, கொட்டகையின் அடிப்புறத்தைக் காலியாக விட்டு, சுற்றிலும் புல்லை வெட்டிவிட்டால் இம்மூன்றும் விலகி நிற்கும்.

விபத்து நேரிட்டால்

எத்துணை விழிப்பாக இருப்பினும் தவறு நேரலாம். கண்ணில் நஞ்சோ ஆசிட்டோ பட்டால், ஓடும் நீரில் 15 நிமிடங்களுக்குக் குறையாமல் கழுவ வேண்டும். உடலிற் பட்டால் நனைந்த துணியை உடனே களைந்து, நிறைய நீரால் கழுவ வேண்டும். நஞ்சாயின் சோப்பும் பயன்படுத்த வேண்டும். விழுங்கியிருந்தால் உப்பு நீரைக் கொடுத்தோ தொண்டையில் விரலை விட்டோ வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. ஆசிட்டானது ஏறிவரும் வழியெல்லாம் இரண்டாம் முறையும் சுடும். பால், இளநீர் கொடுத்துப் பார்ப்போம் என்று காலந்தாழ்த்துவதும் தவறு. 999 எண்ணை அழைக்க வேண்டும், அல்லது கிடைத்த வாகனத்தில் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். போத்தலை லேபிளுடன் கையோடு எடுத்துச் செல்ல மறத்தலாகாது. பெயர் தெரியாத போத்தலுக்கு எந்த மருத்துவராலும் விரைந்து வைத்தியம் செய்ய இயலாது.

கொட்டகை கட்டப் பணமும் அனுமதியும் கைகூடச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை காத்திராமல் இன்று மாலையே செய்யக்கூடிய வேலை ஒன்றுண்டு. அடுப்பங்கரையிலும், கட்டிலின் அடியிலும், திண்ணை மூலையிலும் உள்ள போத்தல்களை எல்லாம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கு உரியதல்லாதது எதுவாயினும் அதனைப் பூட்டுள்ள பெட்டி ஒன்றில் வைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்துக்கு அகற்றுங்கள். அப்பெட்டியே உங்கள் கொட்டகையின் முதற்பலகை. வெள்ளம் வருமுன் அணை கோலுதல் அறிவுடைமை என்பதை நாம் அறிவோம். இந்த அணைக்கு வேண்டுவது ஒரு பெட்டியும் ஒரு பூட்டுமே.